இரண்டு குழாய்களில் ஒரே ரத்தம்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குக் 'கண்ட்ரோல்' என்று பெயர். எல்லோரையும் அதட்டுவதால் வைத்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதட்டல் இருந்தது உண்மைதான்; மூக்கு நுனியில் கோபம் உட்கார்ந்திருக்கும் பிறவி அவள். ஆனால் பெயர் வந்த கதை வேறு. நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் வைத்துச் சோதிக்க வேண்டும். கருவியும் மருந்துகளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்பது அதை வைத்துத்தான் தெரியும். அந்த ஒப்பீட்டு ரத்தத்தைத்தான் கண்ட்ரோல் என்பார்கள். அதைக் கொடுக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரத்த ஆராய்ச்சிக்காரர்கள் அடுத்தவர் ரத்தம் என்றால் சூரப்புலிகள். தன் ரத்தம் என்றால் நாற்காலியைத் தேடுவார்கள். இவள் மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டு, "எடுங்க, வேடிக்கை பார்த்துட்டு நிக்காதீங்க" என்பாள். வருடக்கணக்காக அங்கே நடந்த சோதனைகள் எல்லாவற்றிலும் முதல் குழாயில் இருந்தது அவள் ரத்தம்.

அவளுடைய ஆராய்ச்சியைப் பெரிய வார்த்தைகள் இல்லாமலே சொல்லிவிடலாம். நம் ரத்தம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகிறது. அதற்கு மூலமான ஸ்டெம் செல்கள் கெட்டுப்போய், உருப்படாத வெள்ளணுக்களைக் கட்டுக்கடங்காமல் பெற்றுத் தள்ளுவதுதான் ரத்தப் புற்றுநோய். அப்போது கடுமையான மருந்து கொடுத்து அந்த மஜ்ஜையை ஒட்டுமொத்தமாகக் காலி செய்துவிட்டு, பொருத்தமான வேறொருவரின் ஸ்டெம் செல்களை ஏற்றுவார்கள். பழைய குடித்தனக்காரனைத் துரத்திவிட்டுப் புதுக் குடித்தனம் வைக்கிற மாதிரி. ஆனால் பழையவன் சில சமயம் ஏதாவது ஒரு மூலையில் பதுங்கியிருப்பான். ஆஸ்பத்திரியின் சாதாரணச் சோதனைக்கு அவன் தெரியும்போது பாதி வீட்டைப் பிடித்திருப்பான். அவன் லட்சத்தில் ஒரு செல்லாக இருக்கும்போதே கண்டுபிடிக்க ஒரு முறையை உருவாக்கியிருந்தாள் அவள். அவள் வாழ்க்கையில் சாதித்தது அது ஒன்றுதான். அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். உலகத்திலேயே அதிகம் மாடிப்படி ஏறுகிறவர்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள்தான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். லிஃப்ட் ஓடும் இடத்துக்கு அவனை யார் கூப்பிடப் போகிறார்கள்? அப்படிப்பட்டவன் ஒரு சமயம் மாடிக்கு மாடி உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்தான். விடுமுறை நாளில் அரைக்கால் சட்டையோடு சோபாவில் படுத்திருந்தவனின் கால்களில் நீலத் திட்டுகளைப் பார்த்தாள் அக்கா.

"எங்கடா அடிபட்டுச்சு?"

"எங்கயும் படல. தானா வந்திருக்கு."

வேறு அக்காக்கள் தைலம் தேடிப் போயிருப்பார்கள். இவள் சாவிக்கொத்தைத் தேடினாள். அன்றைக்கே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில்தான் அவளுடைய ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அதிர்ஷ்டம் அவர்கள் பக்கம் இருந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ரத்தவகை வேறாக இருந்தாலும் பரவாயில்லை, செல்களின் அடையாளங்கள் பொருந்த வேண்டும்; கூடப்பிறந்தவர்களுக்குள் அது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இவர்களுக்கு அச்சாகப் பொருந்தியது. சின்ன வயதிலிருந்து எலியும் பூனையுமாக இருந்த பிள்ளைகள் இவர்கள். "ஒரு வயித்துல பிறந்ததுக்கு இப்பவாச்சும் ஒரு உபயோகம் வந்துச்சே" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா இல்லாத வீடு அது. அம்மாவுக்கு இந்த இருவரை விட்டால் வேறு நாதியில்லை.

கண்ணாடிச் சுவர் வைத்த தனியறையில் அவன் மொட்டைத் தலையோடு படுத்திருந்தான். அக்காவின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெம் செல்கள், தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு சின்னப் பையில் அவன் தலைமாட்டில் தொங்கின. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த போனை அவள் எடுத்தாள்.

"அக்கா, உன் ரத்தம் ஏறினா எனக்கும் உன்ன மாதிரி கோவம் வருமா?"

"வந்தா நல்லதுதான். உன் தலையில யாரும் மிளகாய் அரைக்க மாட்டாங்க."

"அய்யோ, ஒரு வீட்டுக்கு நீ ஒருத்தி போதும்."

செல்கள் பிடித்துக்கொண்டன. அவன் ரத்தவகை மாறி அவளுடைய வகையானது. மீசைக்காரன் ஒருவனின் உடம்பில் ஒரு பெண்ணின் ரத்தம் ஓடத் தொடங்கியது. வீட்டுக்கு வந்தான். தலையில் முடி முளைத்தது. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமேதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பார்க்கணும். உங்க சோதனையில துளி தெரிஞ்சாலும் எனக்குச் சொல்லுங்க. எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரையை உடனே நிறுத்திடலாம். உங்க வெள்ளணுக்களை இன்னொரு தடவை எடுத்து ஏத்திடலாம். நோய் கொஞ்சமா இருக்கும்போது அதுங்களே அதைத் தின்னுடும். பெருகிட்டா ரொம்பக் கஷ்டம்."

சொந்தக்காரரின் ரத்தத்தைச் சொந்தக்காரர் சோதிக்கக் கூடாது என்று ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு விதி உண்டு. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆசை கண்ணை மறைக்கும். கூடத்தின் தலைவர் அதை அவளுக்கு நினைவூட்டினார்.

"யார்கிட்ட கொடுக்கறது, நீங்களே சொல்லுங்க. இதைக் கை தவறாம செய்யற ஆள் இங்க என்னைத் தவிர யாரு?" என்று எகிறினாள்.

அவள் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி, தம்பியின் ரத்தத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவில் காத்திருக்க அவளால் முடியாது என்பது. தலைவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சத்தத்துக்குப் பயப்படுவார்கள். சரி என்று விட்டுவிட்டார்.

முதல் சில சோதனைகளில் ஒரு குறையும் இல்லை. அவள் தேடியது ஆண் உடம்பில் மட்டும் இருக்கும் ஓர் அடையாளத்தை. தம்பியின் பழைய ரத்தம் ஆண் ரத்தம்; புதியது இவளுடைய பெண் ரத்தம். ஆகவே அவன் ரத்தத்தில் ஆண் அடையாளம் கடுகளவு தெரிந்தாலும் பழையவன் திரும்பிவிட்டான் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் இரண்டு குழாய்கள்: முதலில் கண்ட்ரோல், அதாவது அவள் ரத்தம், அடுத்தது தம்பியின் ரத்தம். இரண்டிலும் ஆண் அடையாளம் இல்லை. அம்மா சோதனை நாளில் காலையிலிருந்தே போன் செய்துகொண்டிருப்பாள். "ஒண்ணும் இல்லம்மா" என்று இவள் சொல்லும் இரண்டு வார்த்தைக்காக அந்த வீட்டில் அடுப்பு காத்திருக்கும்.

அப்படி ஒரு சோதனை நாளில்தான் அது நடந்தது. கணினித் திரையில் தம்பி என்று குறித்த கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஆண் அடையாளம் துளியும் இல்லை. ஆனால் கண்ட்ரோல் என்று குறித்த கோடு கடைசியில் லேசாகத் தலையைத் தூக்கியிருந்தது. அவள் ரத்தத்தில் ஆண் அடையாளம்!

இப்படி நடந்தால் ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் பேயைப் பார்த்ததுபோல அலற மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் ஆண் யாராவது தும்மியிருப்பார், கையுறை மாற்றாமல் தொட்டிருப்பார், அது கலந்துவிடும். அடுத்த மேசையில் இருந்த டெக்னீஷியன் வேலை செய்யும்போது ஓயாமல் பாட்டு முனகுகிறவர். அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். அன்றைக்கு அவர் பாடு பெரும்பாடாகிவிட்டது.

"உங்க வாயை மூடிட்டு வேலை செய்யவே முடியாதா? உங்க எச்சில் தெறிச்சு என் கண்ட்ரோலே கெட்டுப் போச்சு."

"மாஸ்க் போட்டிருந்தேனே மேடம்..."

"தாடைக்கு மாட்டினா அதுக்குப் பேரு மாஸ்க்கா?"

எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்ட அந்த மனிதர் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து முனகலை நிறுத்திவிட்டார். அவள் கையோடு தன் ரத்தத்தை மறுபடி எடுத்து, கண்ட்ரோலை மட்டும் திரும்ப ஓட்டினாள். இந்தத் தடவை பளிச்சென்று சுத்தமாக இருந்தது. தம்பியின் குழாயைத் திரும்ப ஓட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதில்தான் ஒன்றும் இல்லையே! அவள் தேடி வந்த நல்ல சேதி கைக்குக் கிடைத்துவிட்டது. டாக்டருக்கு முடிவை அனுப்பிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா."

மாத்திரைகள் அப்படியே தொடர்ந்தன. தம்பி வேலைக்குப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அடுத்த சோதனை நாள் வருவதற்கு முன், ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டுத் துப்பியவன், வாஷ்பேசினைப் பார்த்தபடி நின்றுவிட்டான். ஈறுகளிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. "அக்கா, கொஞ்சம் வா" என்று கூப்பிட்ட குரலில் கிண்டல் இல்லை. அதிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

நோய் திரும்பியிருந்தது. கொஞ்சநஞ்சமாக அல்ல, ஆஸ்பத்திரியின் சாதாரணச் சோதனையிலேயே தெரியும் அளவுக்கு. டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன தடவை உங்க சோதனையில துளிகூட இல்லையே. இவ்வளவு வேகமா எப்படி வரும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அவள் வெளியே வந்தாள். வராந்தாவில் காபி இயந்திரத்தின் முன் நின்று பொத்தானை அழுத்தினாள். கோப்பை நிறைந்துகொண்டிருக்கும்போது அந்த இன்னொரு கோடு நினைவுக்கு வந்தது. துளிகூட இல்லாமல் இல்லை. துளி இருந்தது. பக்கத்துக் குழாயில் இருந்தது. கோப்பையை எடுக்காமலே பின்கட்டிடத்துக்கு ஓடினாள்.

மீந்த மாதிரிகள் உறைபெட்டியில் இருந்தன. ஆனால் தன் கையை நம்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. நேராக ரேடியோவிடம் போனாள்.

"அன்னிக்கு ஓட்டின ரெண்டு குழாயையும் நீங்க திரும்ப ஓட்டிப் பார்க்கணும். நான் தொட மாட்டேன்."

"என்ன தேடணும் மேடம்?"

"கண்ட்ரோல்ல தெரிஞ்ச ஆண் அடையாளம் உங்களோடதா, என் தம்பியோடதான்னு."

ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய ரத்தமும் வேண்டும். ஊசி என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சிகிச்சைக்கு முன் எடுத்து வைத்திருந்த தம்பியின் பழைய ரத்தத்தையும் சேர்த்து ஓட்டினார். அவள் பின்னால் ஒரு ஸ்டூலில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கண்ட்ரோல் என்று குறித்த குழாயில் இருந்தது தம்பியின் ரத்தம். தம்பி என்று குறித்த குழாயில் இருந்தது அவளுடையது. சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத குழாய்கள் அவை. மூடியில் எழுதிய எண்ணைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. எந்த நொடியில் இடம் மாறியது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா போன் செய்தபோது இருக்கலாம். சும்மாவே இருக்கலாம். வேறு எந்த நோயாளியின் குழாயாக இருந்தாலும் மாறிய உடனே காட்டிக் கொடுத்திருக்கும். யாரோ ஒருவர் கொடுத்த ரத்தமும் இவள் ரத்தமும் வேறு வேறு. இங்கே இரண்டு குழாய்களிலும் இருந்தது அவள் ரத்தம். ஒன்றில் மட்டும் தம்பியின் பழைய நோய் துளியளவு. அந்தத் துளியை எச்சில் என்று அவள் தூக்கி எறிந்திருந்தாள்.

ரேடியோவிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பினாள். வாயைத் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது. அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

டாக்டரிடமும் தலைவரிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டாள். எதையும் மறைக்கவில்லை. தலைவர் தன்னையும் நொந்துகொண்டார். நோயாளிகளின் மாதிரிகளை இனி அவள் தொட வேண்டாம் என்று முடிவானது. அதைப் பற்றி அவள் கவலைப்படும் நிலையில் இல்லை. டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அவன் பிழைச்சிருப்பானா?"

"சொல்ல முடியாது."

"உத்தேசமாவாவது சொல்லுங்க."

"பிழைச்சவங்க இருக்காங்க. பிழைக்காதவங்களும் இருக்காங்க. சொல்ல முடியாதும்மா."

இதே பதிலை எத்தனையோ கருத்தரங்குகளில் அவளும் சொல்லியிருக்கிறாள், படம் போட்டு, சதவீதம் போட்டு. கேட்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவளுடைய வெள்ளணுக்களை மறுபடி எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். அவை வேலை செய்யாமல் இல்லை. ஆனால் நோயோடு சண்டை போட்டது போதாதென்று அவன் தோலோடும் குடலோடும் சண்டை போட்டன. உடம்பெல்லாம் சிவந்து உரிந்தது. குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கவில்லை. நோய் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. "அக்காவோட கோவம் எனக்கும் வந்துருச்சு" என்று அவன் நர்ஸிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். அவள் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன மறுநாள், அம்மா குளித்து வர வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அவனிடம் சொன்னாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாங்க ஒயரை மாத்திக் கொடுத்தா லிஃப்ட் நகராது. உடனே தெரிஞ்சிடும். உங்க வேலையில தெரியாதா?"

"வேற யாரா இருந்தாலும் தெரிஞ்சிருக்கும்டா. உன் ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணா இருந்ததால தெரியல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "வெளிய போ" என்றான். அவள் போனாள். அன்று முழுவதும் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வந்து, "ஏன் இங்க உக்காந்திருக்கே, உள்ள போகலாமே" என்றபோது, "தூங்கறான்மா" என்றாள்.

அடுத்த நாள் காலையில் அவனே நர்ஸிடம் சொல்லி அவளைக் கூப்பிட்டான். உதடு வெடித்திருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தாள்.

"எனக்குக் கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றான்.

"சொல்லாதே."

"வேற யாராச்சும் பண்ணியிருந்தா சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருப்பேன். உன்னை என்ன பண்றது?"

திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. இன்னிக்குச் சொல்லிடறேன்."

"சொல்லாதே." அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடியில் பலம் இல்லை. "சொன்னா உனக்கு மனசு லேசாயிடும். அவங்களுக்கு? அவங்களுக்கு ஒரு பிள்ளைதான் மிஞ்சப் போகுது. அதையாவது அவங்களுக்கு விட்டு வை."

"என்னால முடியாதுடா."

"முடியணும். நான் வேற எதையும் கேக்கல."

அவள் சரி என்றாள். அவன் அதற்கப்புறம் கோபமாகவும் பேசவில்லை, கிண்டலாகவும் பேசவில்லை. பேச்சே குறைந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில், அம்மா ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் இருக்க, மூச்சு நின்றது. நின்றபோது அவன் நரம்புகளில் இருந்ததில் கொஞ்சம் அவளுடைய ரத்தம்.

பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். லிஃப்ட் கம்பெனிக்காரர்கள், பக்கத்து வீட்டார், தூரத்து உறவுகள். கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் மகளின் பெருமையைத்தான் சொன்னாள். துக்கத்தைச் சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"தன் ரத்தத்தையே கொடுத்தா என் பொண்ணு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அப்புறமும் சும்மா விட்டாளா? அவன் ரத்தத்தை வேற ஒருத்தர் தொட விடல. அத்தனை சோதனையும் இவளே தன் கையால பார்த்தா. வேற யாராவது பார்த்திருந்தா எங்கயாவது ஒரு தப்பு நடந்துடுச்சோன்னு ஆயுசு முழுக்க எனக்கு மனசு அடிச்சிட்டே இருக்கும். இவ பார்த்ததால எனக்கு அந்தக் குறை இல்ல. இல்லையாம்மா?"

"ஆமாம்மா" என்றாள் அவள்.

துக்கம் கேட்க வந்திருந்த ஒரு பெண் மகளின் கைகள் இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்" என்றாள். இவள் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. வாசலில் வேறு யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டி மகளை அருகில் உட்காரச் சொன்னாள். வந்தவருக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அம்மா திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவள் "ஆமாம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.